சித்திரையில் மலையேறும் கொழும்பு

மார்ச் பாதி கடந்ததும் கொழும்பு வீடுகளில் அந்தப் பேச்சு கிளம்பிவிடும். சித்திரைப் புத்தாண்டுக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சில வருடங்களில் பெரிய வெள்ளியும் அதே பக்கத்தில் வந்து விழும். எங்கே போவது? ஹிக்கடுவைக் கடற்கரை என்பார் ஒருவர்; அங்கும் இதே வெயில்தானே என்பார் இன்னொருவர். கண்டி கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் போன வருடமும் போயாயிற்று. திருகோணமலை நல்ல இடம், தூரம்தான் அதிகம். இப்படிச் சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் பெட்டியில் ஸ்வெட்டர் ஏறும். நுவரெலியா.

இந்தத் தெரிவைத் தாங்களே செய்ததாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் இடமும் மாதமும் இவர்கள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே முடிவாகிவிட்டன. முடிவு செய்தவர்கள் காய்ச்சலுக்குப் பயந்த ராணுவ வைத்தியர்கள், யானை சுட வந்த வெள்ளைக்காரர்கள், இரண்டு மூன்று தேசாதிபதிகள், கோப்பித் துரைமார், ரயில் பாதை போட்ட எஞ்சினியர்கள். கடைசியில் பஞ்சாங்கம் வந்து கையெழுத்துப் போட்டது.

முதலில் வானிலை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகல, 2,524 மீட்டர், அதன் தலைக்கு மேலேயே நிற்கிறது. மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் மலை மாதக்கணக்கில் மூடுபனியிலும் சாரலிலும் கிடக்கும். வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவக்காற்றின் முறை. தையிலும் மாசியிலும் வானம் தெளிந்திருக்கும், ஆனால் விடியற்காலையில் புல்லின்மேல் வெள்ளையாய் உறைபனி படியும்; உருளைக்கிழங்குச் செடியும் தேயிலைத் தளிரும் கருகும். இரண்டு மழைக்கும் குளிருக்கும் நடுவில் மிஞ்சும் இதமான காலம் கொஞ்சம்தான், அதில் ஏப்ரல் அடங்கும். அதுவும் மழையே இல்லாத மாதம் அல்ல. பகல் முழுக்க வெயில் அடித்து, மூன்று மணிக்கு மேல் இடி இடித்துக் கொட்டிவிட்டுப் போகும். கொழும்பில் அந்த மாதம் வியர்வை உலராது. இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஆனால் குளிர்ச்சியான இடம் என்பதற்காகவே ஜனம் போய்க் குவிந்துவிடாது. வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பும் அந்த மலை குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கண்டி ராச்சியத்து மக்கள் யாரும் அங்கே ஓய்வெடுக்கப் போனதாகத் தெரியவில்லை. அடர்ந்த காடு, நடுவே சதுப்பு நிலம், அங்கங்கே புல்வெளி, யானை, மரை, சிறுத்தை. நெல் விளையாத குளிர். போர்த்துக்கேயர் கண்டியைத் தாக்கிய காலங்களில் அரச குடும்பம் ஒளிந்துகொள்ள உதவிய மலை அது. மாணிக்கக் கல் தேடி முன்னோர் தோண்டிய குழிகள் மட்டும் சமவெளியில் ஆங்காங்கே கிடந்தன. இன்ப உலாவுக்கு மலையேறுவது என்ற வழக்கமே அந்நாட்டுக்குப் புதிது. மலையேறினால் சிவனொளிபாத மலைக்கு, அதுவும் புண்ணியத்துக்கு.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. நாலு வருடம் கழித்து, 1819இல், ஜோன் டேவி என்ற ராணுவ வைத்தியர் இந்தச் சமவெளிக்கு வந்து சேர்ந்தார். விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பி. போகிற இடமெல்லாம் வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு போகும் மனிதர். காற்றையும் தண்ணீரையும் மண்ணையும் அளந்து எழுதிவைத்து, 1821இல் இலங்கையின் உட்பகுதியைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். இப்படி ஓர் இடம் இருக்கிறது என்ற செய்தி ஆங்கிலேயர் காதுக்குப் போனது அப்படித்தான். போனதும் ஒன்றும் நடந்துவிடவில்லை. பாதை இல்லாத மலையை என்ன செய்வது?

பாதை போட்டவர் எட்வர்ட் பார்ன்ஸ். வாட்டர்லூ போரில் காயம்பட்ட படைத்தளபதி. 1824 முதல் 1831 வரை இலங்கைத் தேசாதிபதி. கண்டி வீதியையும் கடுகண்ணாவைக் கணவாயையும் வெட்டித் திறந்தவர் அவரே. தீவின் தாழ்நிலத்திலும் காட்டோரக் காவல் நிலையங்களிலும் சிப்பாய்கள் காட்டுக் காய்ச்சலில் வரிசையாக மாண்டுகொண்டிருந்தார்கள். கொசுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்று நம்பினார்கள். நல்ல காற்று உள்ள இடத்துக்கு அனுப்பினால் பிழைப்பார்கள் என்பது வைத்தியம். காரணம் தப்பு, மருந்து சரி! அந்த உயரத்தில் மலேரியாக் கொசு வாழாது. 1829இல் நுவரெலியாவில் படையினருக்கான சுகாதார விடுதி வந்தது. பார்ன்ஸும் தனக்கென்று ஒரு மாளிகை கட்டிக்கொண்டார். பின்னால் கை மாறி, விரிவாகி, 1891 முதல் கிராண்ட் ஹோட்டலாக நடப்பது அந்த மாளிகைதான். ஆக, தீவின் முதல் மலை விடுமுறைக்காரர்கள் நோயாளிகள்.

அடுத்து வந்தவர்கள் வேட்டைக்காரர்கள். மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் கல்லறை நுவரெலியா கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய பழைய இடுகாட்டில் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். அவருடைய கல்லறையையும் மின்னல் விடவில்லை, வெடித்த கல்லைப் பார் என்று ஊர்க்காரர்கள் காட்டுவார்கள். யானைகளுக்காக இந்திரன் கணக்குத் தீர்த்தான் என்று நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது.

நுவரெலியாவை ஒரு சின்ன இங்கிலாந்தாக ஆக்கலாம் என்ற பித்து முதலில் பிடித்தது சாமுவேல் பேக்கருக்கு. பின்னாளில் நைல் நதியின் மூலம் தேடிப்போய் ஆபிரிக்காவில் அல்பர்ட் ஏரியைக் கண்ட அதே பேக்கர். யானை வேட்டைக்கு இலங்கை வந்தார், காட்டுக் காய்ச்சலில் விழுந்தார், தேறுவதற்கு நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்டார். இரண்டு வாரத்தில் உடம்பு தேறியது. தேறிய மனிதர் சுற்றுமுற்றும் பார்த்து ஆச்சரியப்பட்டார்: இவ்வளவு நல்ல காற்று, ஆனால் சாப்பிட நல்ல இறைச்சியில்லை, காய்கறியில்லை, விவசாயமில்லை. ஏன் இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே கொண்டுவந்து இறக்கக் கூடாது?

இறக்கினார். 1848இல் லண்டனிலிருந்து கப்பல் புறப்பட்டது. அதில் பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர், குடும்பங்கள். உயர்சாதிப் பசு, காளை, செம்மறியாடுகள், வேட்டை நாய்க் கூட்டம், குதிரைகள், ஒரு சாரட்டு, கலப்பைகள், விதை மூட்டைகள். கொழும்பிலிருந்து இத்தனையையும் மாட்டு வண்டியிலும் யானையிலும் ஏற்றி மலைமேல் கொண்டுபோக வேண்டும். ரம்பொடைக் கணவாயில் ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பாதாளம். சாரட்டை ஓட்டிவந்த குதிரைக்காரன் குடிபோதையில் அதைப் பாதாளத்தில் கவிழ்த்தான். உடைந்ததைத் தூக்கிவர ஒரு பழகிய யானையை அனுப்பினார் பேக்கர். அதே குதிரைக்காரன் அந்த யானைமேல் ஏறிக்கொண்டு, குதிரையை விரட்டுவதுபோல் செங்குத்துப் பாதையில் விரட்டி, அதையும் கொன்றான். இதையெல்லாம் பேக்கர் தம் நூலில் தாமே சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். நூல் விற்றது; யானை போனதுதான் மிச்சம்.

நிலமும் அவரைப் பாடாய்ப் படுத்தியது. காட்டை அழித்து நட்ட உருளைக்கிழங்கைப் புழு தின்றது. கால்நடைகளை நோய் அள்ளிக்கொண்டு போனது. பார்க்கப் பசேலென்று இருந்த மண்ணில் உரச்சத்து இல்லை. எருப் போட்டுப் போட்டுத்தான் பழக்க வேண்டியிருந்தது. பேக்கர் விடவில்லை. கிழங்கும் கோவாவும் விளைந்தன. பியர் காய்ச்சும் தொழிலையும் தொடங்கினார். 1855இல் குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பிவிட்டார். அவர் விட்டுப்போன மாகஸ்தோட்டை பின்னால் தேயிலைத் தோட்டமானது. குடியேற்றம் என்ற அளவில் அந்தத் திட்டம் தோல்வி. ஆனால் இன்று ஹக்கல வீதியோரம் கரட், லீக்ஸ், பீட்ரூட், முள்ளங்கியைக் கழுவி அடுக்கி வைத்திருக்கும் கடைகளின் முன்னால் கொழும்புக் கார்கள் வரிசையாய் நிற்கும்போது, அந்த வியாபாரத்துக்கு முதல் பாத்தி வெட்டியவர்களில் அவரும் ஒருவர் என்பதை மறுக்க முடியாது.

சீசன் என்ற வழக்கம் பிறந்தது துரைமார் பெருகிய பிறகு. 1830களிலிருந்து மலைநாடெங்கும் கோப்பித் தோட்டங்கள் பரவின. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு துரை, ஒரு பங்களா. பக்கத்துத் துரையைப் பார்க்கவே குதிரையில் சில மணி நேரம் போக வேண்டும். மாதக்கணக்கில் தனித்துக் கிடந்தவர்களுக்கு வருடத்தில் ஒரு முறையாவது கூடிக் குடிக்கவும், சூதாடவும், பெண் பார்க்கவும் ஓர் இடம் தேவைப்பட்டது. கொழும்பு உத்தியோகத்தருக்கோ வெயிலிலிருந்து தப்பினால் போதும். இரண்டு தேவையும் மலையுச்சியில் ஒன்றுசேர்ந்தன. சென்னை அரசாங்கம் கோடைதோறும் ஊட்டிக்குப் போனதுபோலவோ, கல்கத்தா அரசாங்கம் சிம்லாவுக்கு ஏறியதுபோலவோ இலங்கை அரசாங்கம் கோப்பு மூட்டைகளோடு முழுசாக நுவரெலியாவுக்கு இடம்பெயர்ந்ததில்லை. தேசாதிபதி போவார், அவருக்கென்று குயின்ஸ் கொட்டேஜ் இருந்தது. தேசாதிபதி போகும் இடத்துக்குப் பெரிய மனிதர் எல்லாரும் போயாக வேண்டும்.

1872இல் பதவிக்கு வந்த வில்லியம் கிரெகரி ஊரின் முகத்தையே மாற்றினார். நகருக்குக் கீழே கிடந்த சதுப்பு, நோய்க்கும் நாற்றத்துக்கும் இருப்பிடம். தலாகல ஓயாவை மறித்து அங்கே 1873இல் ஏரி வெட்டினார்கள். வடிகால் வேலையாகத் தொடங்கியது ஊரின் அடையாளமாயிற்று. இன்று படகோட்டமும் மட்டக் குதிரைச் சவாரியும் நடக்கும் கிரெகரி வாவி அதுதான். தொடர்ந்து ஒவ்வொன்றாக முளைத்தன. 1870களில் குதிரைப் பந்தயத் திடல், 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ஃப் கழகம், 1894இல் மணிக்கூண்டு வைத்த செங்கல் தபாற்கந்தோர், 1897இல் மகாராணியின் வைர விழாவுக்குப் பெயர் சூட்டப்பட்ட விக்டோரியா பூங்கா. ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஹக்கலையில், 1861இல் தொடங்கிய தோட்டம் உண்மையில் பூங்காவே அல்ல. காய்ச்சல் மருந்தான கொயினாவுக்காகச் சிங்கோனா மரம் வளர்க்க வைத்த அரசாங்கப் பண்ணை. சிங்கோனா விலை சரிந்ததும் ரோசாவும் பன்னமும் மிஞ்சின. விடுமுறைக்காரர் இப்போது போட்டோ எடுக்கும் இடங்களில் சில நோயைத் துரத்தப் போட்ட வேலைகள்தான்.

ஹில் கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சாம்பல் நிறக் கருங்கல் கட்டடம், சுவரில் மரைக் கொம்புகளும் சிறுத்தைத் தலைகளும். பெண்களுக்குத் தனி வாசல். ஆண்கள் குடிக்கும் அறைக்குள் அவர்களுக்கு இடமில்லை. இலங்கையர் என்றால் பரிமாறுபவராகத்தான் உள்ளே போகலாம். சுதந்திரம் கிடைத்துப் பல வருடம் கழித்தே அவர்களுக்கு அங்கே உறுப்பினராக வழி பிறந்தது. இரவு ஏழு மணிக்கு மேல் கோட்டும் டையும் இல்லாமல் இருக்கக் கூடாது என்ற விதி மட்டும் இன்னும் போகவில்லை. இப்போது சிறு தொகை கட்டி ஒரு நாளைக்கு மட்டும் உறுப்பினராகலாம். கோட்டு கொண்டுவராதவருக்குக் கிளப்பே ஒன்றைக் கடன் கொடுக்கும். தோள்பட்டை தொங்கும், கை நீளம் பற்றாது. ஆனாலும் அதை மாட்டிக்கொண்டு சூப் குடிப்பதில் விருந்தாளிகளுக்கு ஒரு குஷி. எவரை வெளியே நிறுத்தினார்களோ அவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று அந்த விதியைக் காசு கொடுத்து அனுபவிக்கிறார்கள்.

கோப்பி அதிக நாள் நிலைக்கவில்லை. 1869இல் இலையில் துருநோய் கண்டது. இருபது வருடத்துக்குள் மலைநாட்டுக் கோப்பி ஒழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும்தான் ரயில் வந்தது. விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கவும், தோட்டங்களுக்கு அரிசி ஏற்றவும் போட்ட பாதை அது. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா. விடுமுறைக்காரருக்கு அது வழியில் கிடைத்த லாபம். முன்பு பல நாள் ஆன பயணம் ஒரு பகலுக்குள் சுருங்கியது. நோயாளிக்கும் துரைக்கும் உரிய மலை, சீட்டு வாங்க முடிந்த எவருக்கும் எட்டியது. கொழும்புப் பறங்கியர், சிங்கள முதலியார் குடும்பங்கள், தமிழ் வக்கீல்மார் என்று ஒரு புதுக் கூட்டம் மலையேறத் தொடங்கியது. கிளப்புக்குள் விடமாட்டார்களா? சொந்தமாகவே பங்களா கட்டிக்கொண்டார்கள்.

பிரதான பாதை நகருக்குள் வரவில்லை. நானுஓயாவோடு ஒதுங்கிப் போய், பட்டிப்பொலவில் உச்சியைத் தொட்டு, பண்டாரவளைக்கு இறங்கியது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு இரண்டரை அடி அகலத்தில் ஒரு குட்டி ரயில் 1903, 1904இல் ஓட ஆரம்பித்தது. வளைந்து வளைந்து தேயிலைக்குள் நுழைந்து வரும் ரயில். பஸ்ஸும் லொறியும் வந்ததும் அதற்குச் சுமையும் இல்லை, ஆளும் இல்லை, 1940களில் மூடிவிட்டார்கள். இன்று அது இருந்திருந்தால் ஊட்டி ரயிலைப்போல் முன்பதிவுக்குச் சண்டை நடந்திருக்கும். சுற்றுலா வருமானம் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கியதை நினைத்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான்.

பண்டாரவளைக்கும் அந்தக் காலத்தில் ஒரு கட்சி இருந்தது. 1894இல் ரயில் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, நுவரெலியாவின் குளிர் நெஞ்சுக்கு ஆகாது, ஊவாவின் உலர்ந்த காற்றே உத்தமம் என்று வாதிட்டவர்கள் உண்டு. பக்கத்துத் தியத்தலாவை, போயர் போரில் பிடிபட்ட ஆயிரக்கணக்கான கைதிகளை 1900 முதல் அடைத்துவைத்த முகாமாகத் தொடங்கி, பிறகு படையினரின் ஓய்விடமானது. வானிலையை மட்டும் வைத்துப் பார்த்தால் பண்டாரவளையே மேல் என்று இன்றும் சொல்லலாம். ஆனால் பந்தயத் திடலும் ஏரியும் தேசாதிபதியும் இருந்தது நுவரெலியாவில். விடுமுறை ஊரை வானிலை தொடங்கிவைக்கலாம். அது நிலைக்க நாலு பேர் பார்க்க உலாவும் வீதி வேண்டும்.

இத்தனை கதையிலும் காட்டை வெட்டியது யார், பாதையைத் தோண்டியது யார், ஏரிக்கு மண் சுமந்தது யார், சாரட்டுப் போன பாதையில் அரிசி மூட்டை தூக்கியது யார்? திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து பஞ்சம் துரத்த வந்த சனம். ராமேசுவரக் கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, தண்ணீரும் நிழலும் இல்லாத காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியோரம் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. துரைமார் நல்ல காற்று வாங்கிய அதே மலையில், அதே குளிரில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் ஒரு குடும்பம் முடங்கிக் கிடந்தது. காற்று ஒன்றுதான், கம்பளி ஒருவரிடம்தான் இருந்தது.

சீசனுக்கும் தோட்டத்துக்கும் இடையே இன்னொரு முரண் உண்டு, அதைக் காரில் போகிறவர் கவனிப்பதில்லை. பகல் வெயில், மாலை மழை என்ற அந்த ஏப்ரல் வானிலைதான் தேயிலைக்கும் உகந்தது. கொழுந்து குபுகுபுவென்று வரும் காலம். பறிக்காமல் விட்டால் இலை முற்றிப் போகும். ஆகவே கொழும்புக்கு ஓய்வு மாதம், மலைக்குக் கொழுந்து மாதம். காலையில் பெரட்டுக்கு நின்று மலை பிரித்துக்கொண்டு போன பெண்கள், மாலையில் கொழுந்து நிறுக்கப் படங்குச் சாக்கைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு நனைந்தபடி வரிசையில் நிற்கும்போது, லபுக்கலை வளைவில் கார்கள் ஓரங்கட்டிப் படம் எடுக்கும். இலக்கு வைத்த கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, விழும். குறைந்தால் அரைப் பேர். படம் பிடிக்கிறவர் சிரிக்கச் சொல்வார், சிரிப்பார்கள்.

நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர் மலையகத் தமிழர் என்கிறது 2012 குடிசனக் கணக்கெடுப்பு. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கூறுபோட்டு ஒரு பகுதியைக் கப்பலேற்றியது. மீதிப் பேருக்குக் குடியுரிமைப் பிரச்சினை தீர 2003 வரை ஆனது. சுதந்திரம் வந்ததும் மலையின் சீசன் யார் கைக்கு மாறியது என்ற கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது. மாறியது கொழும்பின் கைக்கு. மலையில் இருந்தவர்களின் கைக்கு அல்ல.

துரைமார் ஒரே நாளில் போகவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விற்றுக் கப்பல் ஏறினார்கள். 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தம் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கியதோடு அந்தக் கூட்டம் கலைந்தது. கோல்ஃப் திடலில் புல் வளர்ந்தது. குதிரைப் பந்தயமும் பண்டாரநாயக்கா காலத்தில், 1956க்குப் பிறகு நாட்டில் படுத்துவிட்டது. எண்பதுகளில் நுவரெலியாத் திடலில்தான் அது மறுபடி எழுந்தது. ஒரே தொடர்ச்சியாக நின்றது மோட்டார் வாகனப் பித்து. மாகஸ்தோட்டை மலைப்பாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒவ்வொன்றாகச் சீறி ஏறும் போட்டி 1934இல் தொடங்கியது. பேக்கரின் பண்ணை இருந்த அதே மண். சாரட்டைக் கவிழ்த்த குதிரைக்காரனின் ஆவி அங்கேதான் உலவுகிறதோ என்னவோ.

துரைமார் விட்டுப்போன வெற்றிடத்தை நிரப்பியது புத்தாண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் சீசன் பிப்ரவரி முதல் மே வரை நீண்டு கிடந்தது. ஈஸ்டர் அதன் நடுப்புள்ளி. சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 13, 14இல் வருவதற்கும் அந்தச் சீசனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை; சூரியன் மேடத்துக்குப் போகிற நாள் அது, அவ்வளவே. ஆனால் கடைகள் அடைத்து, கந்தோர்கள் பூட்டி, பள்ளிக்கூடங்களும் விடுமுறை விடும் ஒரே வாரம் அந்த வாரம். மாதக்கணக்கில் சொகுசாக இருந்துவிட்டுப் போகத் துரைக்கு முடியும்; வங்கிக் கிளார்க்குக்கு நாலு நாள்தான். ஆகவே நாலு மாதச் சீசன் ஒரு மாதமாகச் சுருங்கி, அந்த மாதமும் புத்தாண்டு வாரத்தில் போய் முட்டி நின்றது. இதில் வேடிக்கை, புத்தாண்டு என்பது வீட்டில் இருக்க வேண்டிய நாள். சுப வேளையில் பால் பொங்கி, அடுப்பு மூட்டி, கைவிசேஷம் வாங்கி, உறவுக்காரர் வீட்டுக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோகும் நாள். அதைச் செய்துவிட்டு மறுநாள் மலையேறுவது ஒரு தலைமுறையின் பழக்கம். அடுத்த தலைமுறை நுவரெலியா வாடகைப் பங்களாவிலேயே பால் பொங்கக் கற்றுக்கொண்டது.

எழுபத்தேழில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு கார் பெருகியது, கூட்டமும் பெருகியது. 1983 ஜூலைக் கலவரத்தில் நுவரெலியாக் கடைத்தெருவில் தமிழர் கடைகள் எரிந்தன. காய்கறி மொத்த வியாபாரமும் நகைக்கடைகளும் சாம்பலாகி, பல குடும்பங்கள் வடக்குக்கும் இந்தியாவுக்கும் போயின. சீசன் விளம்பரங்களில் இந்த வருடம் ஒருபோதும் இடம்பெறாது. எரிந்த கடைத்தெருவை எழுப்பிக்கொண்டு அங்கேயே தங்கியவர்களும் உண்டு.

இன்றைய சீசனுக்கு நடைமுறை இறுகிவிட்டது. ஏப்ரல் முதலாம் திகதி பாடசாலைப் பிள்ளைகளின் பாண்ட் வாத்திய ஊர்வலத்தோடு மாநகர சபை தொடக்கிவைக்கும். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், சேற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டம், ஏரிக்கரையில் இரவு இசை நிகழ்ச்சி. வீதிகள் ஒருவழி ஆகும். சாதாரண நாளில் கேட்பாரற்றுக் கிடக்கும் அறைக்கு இரண்டு மூன்று மடங்கு வாடகை. ஊர்க்காரர் தம் வீட்டின் முன்னறையைக் காலிசெய்து, பின்கட்டுக்கு ஒதுங்கிக்கொண்டு, வாசலில் ‘அறை உண்டு’ என்று எழுதி மாட்டுவார்கள். கம்பளித் தொப்பி, அவித்த சோளம், ஸ்ட்ரோபெரி, சூடான வடை. விக்டோரியா பூங்காவில் குளிர்காலம் முழுக்கத் தங்கியிருந்த காஷ்மீர் ஈப்பிடிப்பான் குருவி, பறவை பார்ப்போர் கடல் கடந்து தேடி வரும் அந்த அரிய விருந்தாளி, கொழும்புக்காரர் வந்து சேரும் நேரத்தில் இமயத்துக்குக் கிளம்பியிருக்கும்.

எதிர்த் திசையிலிருந்து அல்ல, அதே திசையில் இன்னொரு கூட்டமும் அந்த வாரம் மலையேறுகிறது. கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளிலும், சாப்பாட்டுக் கடைகளிலும், பங்களாச் சமையலறைகளிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள். பன்னிரண்டாம் திகதி இரவு பஸ் நிலையத்தில் அட்டன், நுவரெலியா, பதுளை பஸ்களுக்கு நிற்கும் வரிசை அவர்களுடையது. கையில் தம்பிக்குச் சட்டை, அம்மாவுக்குச் சேலை, ஒரு பெட்டி பிஸ்கட். காரில் போகிறவர்களுக்கு நுவரெலியா விடுமுறை; இவர்களுக்கு அது வீடு. இருவரும் ரம்பொடை ஏற்றத்தில் ஒரே நெரிசலில் மணிக்கணக்காக நிற்கிறார்கள். ஹோட்டலிலும் மட்டக் குதிரையிலும் வேலைக்கு ஆள் தேவைப்படுவதால், ஊருக்கு வந்தவர்களில் சிலர் புத்தாண்டு அன்றே கூலிக்குப் போய்விடுவதும் உண்டு.

யாழ்ப்பாணத்துக்கும் இந்தக் கணக்கில் இப்போது ஒரு பங்கு. போர் முடிந்து ஏ9 வீதி திறந்து, 2014இல் ரயிலும் திரும்பிய பிறகு, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக நயினாதீவுக்கும் கீரிமலைக்கும் கசூரினாக் கடற்கரைக்கும் சனம் போகிறது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களோ சுற்றுலா என்றால் முதலில் எழுதும் பெயர் நுவரெலியா. ஹக்கல பூங்கா, சீதாஎலிய அம்மன் கோயில், ஓடைக்கரைப் பாறையில் அனுமன் பாதம் என்று காட்டும் குழி, ஒரு தேயிலைத் தொழிற்சாலை, கிரெகரி வாவியில் படகு. எல்ல, அப்புத்தளை என்று இளவட்டம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. அங்கேயும் ஏப்ரலில் அறை கிடைப்பது அரிது.

2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பும், அடுத்து வந்த பெருந்தொற்றும், 2022இன் எரிபொருள் வரிசையும் சீசனை அடுத்தடுத்து முடக்கின. பெட்ரோல் கிடைத்ததும் கார்கள் மறுபடி ரம்பொடை ஏறின. மே பிறந்தால் ஒருவழி வீதிகள் இருவழியாகும், வாடகை பாதிக்கு இறங்கும், முன்னறைக்கு வீட்டுக்காரர் திரும்புவார். கூட்டம் பிடிக்காதவர்கள் அதற்காகவே மே முதல் வாரத்துக்குக் காத்திருக்கிறார்கள். பருவமழைக்கு முன்னால் அவர்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரம்.